ஊதுபத்தி வெயில்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மெமோ வந்தது.

அரசாங்க வேலையில் மெமோ வருவது அதிசயமா? இல்லை. ஆனால் என் மெமோவில் கேட்டிருந்த கேள்வியை வேறு எந்த ஆபீஸிலும், யாரையும், இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படியே தருகிறேன்:

'அலுவலக ஆவணம் ஒன்றை வெளியார் ஒருவர் முகர்ந்து பார்க்கத் தாங்கள் அனுமதித்தது ஏன்? மூன்று தினங்களுக்குள் விளக்கம் தரவும்.'

படித்துப் பார்க்க அல்ல. எடுத்துப் போக அல்ல. முகர்ந்து பார்க்க!

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் நடுவே இருக்கிற ஒரு விதைப் பண்ணையில் நான் தற்காலிக ஊழியன். எந்த இலாகா என்று கேட்காதீர்கள்... ஒரு மெமோ போதும். அங்கே மழையை அளக்கிறேன், காற்றை அளக்கிறேன். முக்கியமாக, வெயிலை அளக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசப்படி மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா வெயிலில் வேலை செய்தார். நான் வெயிலுக்கு வேலை செய்கிறேன். முன்னேற்றம் என்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

வெயிலை எப்படி அளப்பது? ரொம்ப சுலபம். இடுப்பளவு உயரத்தில் ஒரு செங்கல் தூண். அதன்மேல் தேங்காய் அளவில் ஒரு கண்ணாடி உருண்டை. உருண்டைக்குப் பின்னால் மணிக்கணக்குக் கோடு போட்ட ஒரு நீல அட்டை. அவ்வளவுதான். சாவி கொடுக்க வேண்டாம், எண்ணெய் விட வேண்டாம். சின்னப் பசங்கள் பூதக்கண்ணாடி வைத்துக் காகிதம் கொளுத்துவார்கள் இல்லையா, அதே வித்தை. வெயில் அடித்தால் அட்டையில் ஒரு கோடாகப் பொசுங்கும். மேகம் மறைத்தால் கோடு நின்றுவிடும். சாயங்காலம் அட்டையை உருவி, பொசுங்கின நீளத்தைக் கூட்டினால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று தெரிந்துவிடும்.

சூரியன் தானே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ஆஜர் பட்டியல். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பண்ணைக்கு எதிரில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு அரிசி மில். அதன் சிமெண்ட் களத்தில் அவித்த நெல்லைக் காயப் போடுவார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தே அதைக் கிளறுவார்கள். ஏர் இல்லாமல் உழுவது மாதிரி இருக்கும். அந்த வரிசைக்குத் தலைவி பவுனம்மா. எனக்கு பவுனக்கா. பன்னிரண்டு வருஷமாக அதே களம். அந்த அக்காவின் புருஷன் தவிட்டுத் தூசியில் நெஞ்சு கெட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். வீட்டில் உலை கொதிப்பது இந்த ஒரு ஜோடிக் காலை நம்பித்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், பண்ணை வேலியோரம் நின்றபடி பவுனக்காவுக்கு நான் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கப் போனேன். வேண்டாத வேலை!

"அக்கா, காத்து, மேகம், மழை, புயல் எல்லாத்துக்கும் மொதலாளி சூரியன்தான். தரை சட்டுனு சூடாயிடும். கடல் சோம்பேறி, மெதுவாத்தான் சூடாகும். சூடான தரைமேல இருக்கிற காத்து மேல கெளம்பும். அந்த எடத்தைப் புடிக்கக் கடல்காத்து ஓடியாரும். மெட்ராஸ்ல பன்னெண்டு மணிக்கு வீசறது தாம்பரம், மணிமங்கலம் எல்லாம் தாண்டி மூணு மணிக்கு நம்ம ஒரகடத்துக்கு வரும். அதுல இருக்கிற ஈரம் மேல போயி மேகமா..."

அக்கா காலை நிறுத்தவே இல்லை.

"அவிச்ச நெல்லக் கொட்டினா களத்துலேர்ந்து ஆவி எழும்புதே, அது எங்க போவுதுன்ற? மேல போயி மேகமாத்தான் ஆவும். பன்னெண்டு வருசமாப் பாத்துகினு கீறேன். மூணு மணிக் காத்து வந்தாத்தான் எங்களுக்கு முதுகு வேர்வ காயும். இத்தப் படிக்கவா நீ தெனம் பஸ்ஸு ஏறி காலேஜுக்குப் போன?"

அதற்குப் பிறகு நான் வேலியோரம் போனால் வெறுமனே சிரித்துவிட்டு வருவதோடு சரி.

இப்போது வரதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் சீனியர். பெயரை மாற்றியிருக்கிறேன். இருபது வருஷமாக அந்த உருண்டையைத் துடைத்து வருகிறவர். கெட்டவர் அல்ல. மூன்று வருஷம் முன்னால், ஒரு மழை நாளில் அட்டை துளியும் பொசுங்கவில்லை. யோக்கியமாக அதை அப்படியே மேலே அனுப்பினார். வந்தது மெமோ! 'அட்டை வெறுமையாக உள்ளது. கருவி பொருத்தப்படவில்லையா? அல்லது தாங்கள் பணிக்கு வரவில்லையா?'

மழை நாளில் வெயில் அடிக்காது என்பதை விளக்கி அவர் மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. மூன்றாவது கடிதத்துக்கு வந்த பதில்: 'எதிர்காலத்தில் கவனமாக இருக்கவும்.'

அவர் கவனமாகிவிட்டார்.

அதிலிருந்து எங்கள் பண்ணையிலிருந்து வெற்று அட்டை போனதே இல்லை. மூட்டமாக இருந்த நாளுக்கு மறுநாள் காலையில் வரதன் சார் வருவார். சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவார். அதே ஊதுபத்தியை எடுத்து, முந்தின நாள் அட்டையில், ஸ்கேல் வைத்து... நிதானமாக வெயில் போடுவார்.

முதல் தடவை பார்த்தபோது, "சார், இது தப்பில்லையா?" என்றேன்.

"காலி அட்டைய அனுப்பினா மேல இருக்கறவன் வானத்தைப் பாக்க மாட்டாம்பா. நம்மளத்தான் பாப்பான். தீப்பெட்டி எடு."

எடுத்துக் கொடுத்தேன். ஆமாம், நான்தான். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுத வேண்டிய பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது. படித்தவனுக்குத் தைரியம் வரும் என்று யார் சொன்னார்கள்? படித்தவனுக்குக் காரணம் வரும்.

நம் ஊரில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசிக் கடைசி. கடலில் ஒரு தாழ்வு மண்டலம். மழையை வடக்கே ஆந்திரா பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, எங்களுக்கு மூட்டத்தை மட்டும் விட்டுவைத்தது. இது எப்படி என்று கேட்கிறீர்களா? சித்திரையிலிருந்து அடிக்கிற வெயிலை எல்லாம் கடல் குடித்துக் குடித்து வைத்துக்கொள்கிறது. ஐப்பசியில் அதை ஆவியாகத் திருப்பிக் கொடுக்கிறது. அதாவது, அன்றைக்கு எங்கள் தலைக்கு மேலே சூரியனை மறைத்துக்கொண்டு நின்றதும் பழைய வெயில்தான். தனக்குத் தானே திரை கட்டிக்கொள்கிற ஆசாமி சூரியன்.

புதன்கிழமை நல்ல வெயில். ஆனால் சாயங்காலமே கிழக்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. மில் முதலாளி கொழுந்தியாள் கல்யாணத்துக்காக மெட்ராஸ் கிளம்பிக்கொண்டிருந்தார். காரில் ஏறப் போனவரிடம் பவுனக்கா போய்ச் சொல்லியிருக்கிறது.

"மொதலாளி, மேகம் கட்டுது. நாளைக்கு அவிக்க வேணாம். வெயிலு வராது."

"ஏன், சூரியன் உங்கிட்ட லீவு லெட்டர் குடுத்துட்டுப் போனாரா? நாலு தொட்டி நெல்லும் நாளைக்குக் களத்துக்கு வந்தாவணும்."

முதலாளி சொன்னால் அவித்துத்தானே ஆக வேண்டும்? வியாழக்கிழமை விடியலில் அவித்துக் களத்தில் கொட்டினார்கள். வானம் அலுமினியத் தட்டை மூடி வைத்த மாதிரி இருந்தது. ஒரு பொட்டு வெயில் இல்லை. ஒரு துளி மழையும் இல்லை. பவுனக்காவும் மற்றவர்களும் சாயங்காலம் வரை நடந்தார்கள், நடந்தார்கள்... நெல் அப்படியே ஈரமாக இருந்தது. குவித்துப் படுதா போட்டு மூடினார்கள். வெள்ளிக்கிழமை படுதாவைத் திறந்தபோது குப்பென்று புளிச்ச வாடை. நாலு தொட்டி நெல்லும் போச்சு.

அன்று மத்தியானம் முதலாளி திரும்பினார். நெல்லை ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். அவர் மூக்கு இந்தப் பக்கம் பிரசித்தம். ஒரு பிடி நெல்லை மோந்தே அது போன போகத்து நெல்லா, இந்தப் போகமா, மூட்டை நனைந்ததா என்று சொல்லிவிடுவார். விலை பேசுவது அதற்கப்புறம்தான்.

"கிளறாம ஊர்க்கதை பேசிகினு இருந்திருக்கே," என்றார். "வெயிலே இல்ல மொதலாளி," என்றது அக்கா. களத்தில் இருந்த அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள்.

முதலாளி விஞ்ஞானத்தில் நம்பிக்கை உள்ளவர். நேராக டீக்கடைக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்த வரதன் சாரைக் கேட்டார்: "நேத்து எவ்ளோ வெயிலு சார்?"

வரதன் சார் என்ன செய்வார், பாவம்? அன்று காலையில்தான் ஊதுபத்தியை அணைத்துவிட்டு வந்திருக்கிறார். அட்டையைச் சுட்டவர் வாயை மட்டும் மாற்ற முடியுமா?

"ஒம்பது மணி நேரம்," என்றார்.

அவ்வளவுதான். ஊரே தலைக்கு மேலே பார்த்த மேகத்தை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கலைத்துவிட்டார்கள். பவுனக்காவுக்கு வேலை போயிற்று. இன்னொரு மில்லுக்குப் போகலாமே என்பீர்கள். படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை மில்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு: 'நெல்லைக் கெடுத்தவள்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சேர்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் மில்லுக்கு வந்து அக்காவுக்காகப் பேசுவதாக ஏற்பாடு. அவர்கள் முகத்தில் காட்ட முதலாளிக்கு ஒரு கவர்மெண்ட் காகிதம் தேவைப்பட்டது.

சனிக்கிழமை காலை. நான் உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்.

"இன்னா தம்பி, கண்ணாடி குண்டுக்கு மொகம் கழுவி வுடறியா? நல்லாக் கழுவு. அதுக்குக் கண்ணு சரியாத் தெரில போலக்குது."

திரும்பினேன். பவுனக்கா சிரிக்கவில்லை.

"பன்னெண்டு வருசம் நடந்து நடந்து என் கால்ல ரேகையே இல்லடா. உன் குண்டு ஒரு நாளு பொய் சொன்னதுக்கு என் அடுப்பு அணையணுமா?"

குண்டு பொய் சொல்லவில்லை, அக்கா. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குள் முதலாளியின் கார் உள்ளே நுழைந்தது.

ஆபீஸில் வரதன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். முதலாளி உட்கார்ந்தார். "எனக்கு எழுத்துல வேணும் சார். சீல் போட்டு."

"தம்பி, வியாழக்கிழமை அட்டைக்கு ஒரு ட்ரூ காப்பி எழுதிக் கையெழுத்துப் போடு. நான் சீல் வைக்கிறேன்," என்றார் வரதன் சார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலே அனுப்ப வைத்திருந்த அட்டைக் கட்டைப் பிரித்து வியாழக்கிழமை அட்டையை எடுத்தேன். காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கோடு. நடுவில் ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவெளி. ஒரு ஊதுபத்தி அட்டையில் ஒரு மணிக் கோடு வரைக்கும்தான் தாங்கியது. அதையும் வரதன் சார் கலையாக்கிவிட்டார். "நடுவுல ஒரு மேகம் போவட்டும்பா. முழுசாக் காட்டினா நம்ப மாட்டான்" என்றார் வெள்ளிக்கிழமை. எனக்கென்னவோ சூரியன் சாப்பாட்டுக்குப் போய் வந்த மாதிரிதான் தெரிந்தது.

பேனாவைத் திறந்தேன். முனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எழுதுப்பா," என்றார் முதலாளி. "உங்கப்பன் என் மில்லுல மூட்ட தூக்கினவன். கைநாட்டு. மவன் கையெழுத்துப் போடறத பாத்தா குளுந்துபோவான்."

அவர் அதைக் குத்திக்காட்டச் சொன்னாரா, பாராட்டச் சொன்னாரா, இன்றுவரை தெரியவில்லை. ஆனால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அப்பா கைநாட்டு வைத்திருக்கிறார். சுமக்காத மூட்டைக்கு வைத்ததில்லை.

பேனாவை மூடினேன். பிரித்த கட்டில் தேடி, புதன்கிழமை அட்டையையும் எடுத்தேன்.

"மொதலாளி, நெல்லு வாங்கறதுக்கு முன்னாடி நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"இதென்ன கேள்வி? மோந்து பாப்பேன்."

"அப்ப இதையும் மோந்து பாருங்க. இது புதன்கெழம வெயிலு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மூக்கு பழக்கப்பட்ட மூக்கு. வாங்கி மோந்தார். "கருகின காயிதம்."

"இது வியாழக்கெழம வெயிலு."

"தம்பி!" என்றார் வரதன் சார். எழுந்து நின்றுவிட்டார்.

முதலாளி மோந்தார். புருவம் சுருங்கியது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை, ஆழமாக, நெல்லை மோப்பது மாதிரியே மோந்தார்.

"மல்லிப்பூ," என்றார். அப்புறம், மெதுவாக, "ஊதுபத்தி."

"கோட்டையும் பாருங்க," என்றேன். "நெஜ வெயிலு காலையில மெல்லிசாத் தொடங்கி, உச்சியில தடிப்பாயி, சாயங்காலம் மறுபடி மெலியும். வியாழக்கெழமது தலையிலேர்ந்து வாலு வரைக்கும் ஒரே தடிமன். அன்னிக்கு வெயிலே இல்லீங்க. பவுனக்கா சொன்னது நெஜம். ஊதுபத்தி சாரோடது. தீப்பெட்டி எடுத்துக் குடுத்தது நான்."

முதலாளி வரதன் சாரைப் பார்த்தார்.

"இன்னா சார், உங்க ஆபீஸ் சூரியன் குளிச்சி முழுகி, பூ வச்சிகினுதான் டூட்டிக்கு வர்றாரா?"

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு சிரிப்புக் கேட்டது. பவுனக்கா எப்போது வேலி தாண்டி வந்தது என்று தெரியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அப்ப வெயிலு இங்க உள்ளதான் குந்திகினு இருந்துச்சா? அதான் களத்துக்கு வர்ல!"

டிரைவர் சிரித்தான். பண்ணை ஆட்கள் சிரித்தார்கள். முதலாளிக்கும் உதடு கோணியது, ஆனால் அடக்கிக்கொண்டார். 'அன்னிக்கே நீ சொன்னே, நான்தான் கேக்கல' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். முதலாளிகள் அப்படிச் சொன்னால் மில் ஓடாது போலிருக்கிறது.

"இங்க இன்னா வேடிக்க?" என்று ஜன்னலைப் பார்த்து அதட்டினார். "போயி களத்தக் கூட்டு. நாளைக்கு யாரும் பேச வர வேணாம்னு சொல்லிடு."

மன்னிப்பெல்லாம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை களத்தில் வரிசை நகர்ந்தது. முன்னால் பவுனக்கா.

வரதன் சார் சனிக்கிழமையே மேலே எழுதிவிட்டார் போலிருக்கிறது. செவ்வாய்க்கிழமை எனக்கு மெமோ.

அதை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். அட்டையைச் சுட்டது யார் என்று ஒரு வரி இல்லை. வியாழக்கிழமை வெயில் அடித்ததா என்று ஒரு வரி இல்லை. மோந்து பார்த்ததுதான் பிரச்னை! ரெஜிஸ்டரில் அந்த வியாழக்கிழமைக்கு ஒன்பது மணி நேரம் அப்படியே இருக்கிறது. அடித்துத் திருத்த வேண்டுமானால் மேலிடத்து உத்தரவு வேண்டுமாம். ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஒரு பெரிய படிப்புக்காரர் அதைப் புரட்டி, 'கடலில் தாழ்வு மண்டலம் இருந்த நாளில் ஒரகடத்தில் மட்டும் எப்படி வெயில்?' என்று தலையைச் சொறியப் போகிறார். அவருக்காக இங்கே ஒரு குறிப்பு: ஐயா, அது மல்லிகை பிராண்டு.

வரதன் சார் என்னோடு பேசுவதில்லை. நிரந்தரம் ஆக்குகிற பேனா இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. இனி திறக்குமா? தெரியாது. அப்பாவிடம் சொன்னேன். "வேலை போனா மூட்ட கீது," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மெமோவுக்கு மூன்றாம் நாள் பதில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரிதான்.

'முகர்ந்து பார்க்க அனுமதித்தது உண்மை. அந்த ஆவணத்தில் படித்துப் பார்ப்பதற்கு உண்மை எதுவும் இல்லாததால்.'

இன்று காலையும் மூட்டம். அட்டையை மாட்டிவிட்டேன்... தீப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.